மஞ்சள் டைல்ஸும் மறைக்காத மனமும்

முத்தாற்றங்கரை மக்கள் மருத்துவமனையின் ஒளிப்படக் கலைஞரும், வார்டு முதல் வாசல் வரை எல்லோரும் 'பாய்' என்று அன்போடு அழைக்கும் பெருமகனாருமாகிய மு. அமீனுதீன் அவர்கள் பணி நிறைவு பெறும் நன்னாளில், உடன் உழைத்தோர் உவந்து படிக்கும் மடல்

பெருந்தகையீர்!

முதுகுன்றம் என்று முன்னோர் மொழிந்த விருத்தாசலத்தில், சூளைகள் ஓயாத சுறுசுறுப்பான நகரில், இருபத்தொன்பது ஆண்டுகள் கத்தியைத் தொடாமலே அறுவை அரங்கில் கால்கடுக்க நின்றவரே! மருந்துச் சீட்டு எழுதாமலே மக்களின் மருட்சியைத் தீர்த்தவரே! காயத்தைப் படம் பிடித்தவரே, காயம் பட்டவரின் மானத்தை ஒருநாளும் படம் பிடிக்காதவரே! ஒளிக்கு ஓர் அளவும் ஒழுங்குக்கு ஓர் அளவும் வைத்து, தேநீருக்கு மட்டும் அளவே வைக்காமல் வாழ்ந்தவரே! எங்கள் ஒவ்வொருவரின் திருமண ஆல்பத்தையும் வாங்கிப் புரட்டி, "லைட்டு சரியில்லியே" என்று சொல்லி, தின்ற விருந்தைக் கசக்க வைத்தவரே! வணக்கம்.

இப்படியே நேருக்கு நேர் நின்று புகழ்ந்துகொண்டிருந்தால், அடுத்த பத்தி முடிவதற்குள் "டீ குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போய்விடுவீர்கள். அது எங்களுக்குத் தெரியும். ஆகவே மடலின் மரபைக் கொஞ்சம் வளைக்கிறோம். இனி வருவதை அவையோரைப் பார்த்துச் சொல்கிறோம். நீங்கள் காதில் விழாதவர்போல் நாற்காலியில் இருங்கள். உங்கள் துணைவியார் ஜைத்தூன் பீவி அம்மையார் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார். நீங்கள் எழுந்தால் கையைப் பிடித்து உட்கார வைக்கும்படி அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறோம்.

அவையோரே!

அமீனுதீன் இந்த மருத்துவமனைக்குள் காலடி வைத்தது தொண்ணூற்றாறாம் ஆண்டு. அதற்கு முன் கடைவீதியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். கருவேப்பிலங்குறிச்சி தொடங்கிக் கம்மாபுரம் வரை, அவர் தோளில் கேமரா ஏறாமல் எந்தப் பெண் கழுத்திலும் தாலி ஏறியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அந்தச் சமயத்தில்தான் நம் அறுவை மருத்துவர் ராஜவேல் இங்கே புதிதாக வந்திருந்தார். தாம் செய்யும் அறுவைகளைப் பதிவு செய்து வைத்தால், பின்னால் வருகிற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் காட்டிச் சொல்லித்தரலாம் என்பது அவருடைய ஆசை. ஊரில் நல்ல கேமராக்காரர் யார் என்று விசாரித்தார். எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

முதல் பதிவு ஒரு குடலிறக்க அறுவை. அமீனுதீன் விடியற்காலையில் குளித்து, சென்ட் போட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற சட்டையோடு வந்து நின்றார். சட்டைக்கு மேல் பச்சை அங்கியை மாட்டி உள்ளே விட்டார்கள். மூன்று நாள் கழித்துக் கேசட்டைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. படம் முழுக்க மருத்துவரின் முகம். அவர் நகர்ந்தால் மயக்க மருந்து கொடுப்பவரின் முகம். அவரும் நகர்ந்தால் கதவோரம் நின்ற ஆயாவின் முகம். நோயாளியின் வயிறு தேடிப் பார்த்தாலும் கிடைக்கவில்லை. கல்யாணத்தில் ஒருவர் முகம் விட்டுப்போனாலும் சம்பந்திச் சண்டை வந்துவிடும் என்று பயந்து பழகிய கை அது. போதாக்குறைக்குத் தொடக்கத்தில் ரோஜாப்பூ விரிந்து 'நல்வரவு' என்று வந்தது, பின்னணியில் நாகஸ்வரம், தையல் போடுகிற இடத்தில் கெட்டிமேளம்.

"பாய், வயித்தக் காணோமே?" என்று கேட்டார் ராஜவேல்.

"வயித்தப் போயி யாரு சார் பாக்கப் போறாங்க?" என்றார் அமீனுதீன். அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. மெய்யாகவே புரியாமல்தான் கேட்டார்.

அன்று ராஜவேல் அவரை அனுப்பிவிட்டிருக்கலாம். ஆனால் அனுப்பாமல் பக்கத்தில் உட்கார வைத்து, எது தெரிய வேண்டும், யாருக்குத் தெரிய வேண்டும், எதற்காகத் தெரிய வேண்டும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். அமீனுதீனும் விட்டேனா பார் என்று பிடித்துக்கொண்டார். இரண்டாவது அறுவையில் வயிறு வந்தது, ஆனால் முதல் கீறலிலேயே கேமராக்காரர் மயங்கிச் சரிந்தார். மேசைச் சக்கரம் ஒன்று பன்னிரண்டு நிமிடம் அசையாமல் பதிவாகியிருக்கிறது. மூன்றாவதில் வயிறும் வந்தது, அவரும் நின்றார். அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

அவர் வேலை செய்கிற முறை எங்களுக்கெல்லாம் ஒரு தொல்லை. ஒளிப்பட அறையின் தரையில் மஞ்சள் வண்ணத்தில் இரண்டு பாதங்கள் வரைந்து வைத்திருக்கிறார். படமெடுக்கும்போது அந்தப் பாதங்களின் மேல்தான் நிற்பார். ஒரு விரற்கடை முன்னே வர மாட்டார், பின்னே போக மாட்டார். திங்கட்கிழமை எடுத்த புண்ணையும் வெள்ளிக்கிழமை எடுத்த புண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், புண் மாறியிருக்க வேண்டுமே தவிரப் படம் மாறியிருக்கக் கூடாது என்பார். யாராவது சன்னல் திரையை விலக்கிவிட்டால் வீடே இடிந்ததுபோல் கத்துவார். அறுவை அரங்கில் கைப்பேசியை எடுத்துத் தம்மைத் தாமே படம் பிடித்த பயிற்சி மருத்துவர்கள் இருவர், அன்று முதல் அவரைக் கண்டால் வேறு படிக்கட்டில் இறங்குவார்கள்.

ஆனால் நோயாளியிடம் பேசும்போது அந்தக் குரலே வேறு. ஒவ்வொருவரிடமும் சொல்வார்: "முகம் வராது, பேரு வராது. வேணாம்னு சொன்னீங்கன்னா கேமராவே வராது." எடுத்த படத்தை முதலில் அவர்களிடம்தான் காட்டுவார். பெண்கள் என்றால், செவிலியர் சுபாஷினி துணியைச் சரிசெய்து "எடுக்கலாம் பாய்" என்று சொல்லும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அந்தச் சுவரில் எத்தனை விரிசல் இருக்கிறது என்று அவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

அவருடைய பெரும்புகழ் மருத்துவர்களிடம் அல்ல, வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில்தான் பரவியது. நம் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, குடலிறக்கம் என்றால் குடல் இறங்கித் தரையில் விழுந்துவிடும் என்று நினைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தார். ராஜவேல் எவ்வளவு சொல்லியும் அவருக்குப் பயம் போகவில்லை. மறுநாள் அமீனுதீன் சைக்கிள் கடைக்குப் போய்க் கிழிந்த டயர் ஒன்றை வாங்கிவந்து, உள்ளே டியூபைப் போட்டுக் காற்றடித்து, கிழிசல் வழியே டியூப் பிதுங்குவதைப் படமெடுத்தார். குரலும் அவருடையதே: "டயருல கிழிசல் இருக்குது. டியூபு வெளிய எட்டிப் பாக்குது. டாக்டரு டியூப உள்ள தள்ளிட்டு டயர தைக்கிறாரு. அவ்ளோதான் விஷயம்." நான்கு நிமிடப் படம். கூடத்துத் தொலைக்காட்சியில் அதைப் போட்டால், தொடர் பார்க்க வந்தவர்கள்போல் மக்கள் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த விவசாயி அறுவை முடிந்து கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "எனக்குப் போட்டது புது டயரா, பஞ்சர் ஒட்டுனீங்களா?" என்பதுதான்.

இப்படி நாற்பத்தாறு படங்கள் இருக்கின்றன. சர்க்கரை நோயாளி காலைக் கழுவுவது எப்படி, தீக்காயத்தில் பற்பசை தடவினால் என்ன ஆகும், தையல் பிரித்த பின் எதைத் தூக்கலாம், எதைத் தூக்கக் கூடாது என்று எல்லாம் நம் ஊர்ப் பேச்சில், நம் ஊர் ஆட்களைக் கொண்டு எடுத்தவை. அவற்றின் பெருமையை இன்று முழுக்கப் பேசலாம். ஆனால் அவரைப் பற்றி ஒரே ஒரு சேதிதான் சொல்லலாம் என்று எங்களுக்கு யாராவது தடை போட்டால், நாங்கள் சொல்லப்போவது அவர் செய்த பெருந்தவறு ஒன்றைத்தான். பாராட்டு மடலில் தவறைச் சொல்வதா என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறம் என்பது எங்கள் தொழிலில் சாதாரணச் சேதி அல்ல. புண் சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்பதைக் கொண்டுதான் மருத்துவர் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கிறார். ஆனால் குழல் விளக்கில் ஒரு நிறம், அறுவை விளக்கில் ஒரு நிறம், சன்னல் வெளிச்சத்தில் ஒரு நிறம் என்று கேமரா ஏமாற்றும். அதற்காக ஒவ்வொரு நாளும் முதல் படத்துக்கு முன், வெள்ளையான ஒரு பொருளைக் காட்டி, 'இதுதான் வெள்ளை, இதை வைத்து மற்ற நிறங்களைப் பார்த்துக்கொள்' என்று கேமராவுக்குச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் இதற்கு அட்டை வைத்திருப்பார்கள். நம்மவர் வைத்திருந்தது, உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை டைல்ஸ். பீங்கான் பட்டறை நடத்தும் நண்பர் கொளஞ்சியப்பன் கொடுத்தது. அட்டையில் மருந்துக் கறை படிந்தால் போகாது, டைல்ஸை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் புதுசாகிவிடும். செராமிக் ஊரில் இருந்துகொண்டு வெள்ளைக்கு வெளியூரிலா போய் நிற்பது என்பது அவருடைய பெருமை. பதின்மூன்று ஆண்டுகள் அந்த டைல்ஸ் சரியாகத்தான் உழைத்தது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, துர்காதேவி என்ற இருபத்து நான்கு வயதுப் பெண்ணை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவர் வேலை. அன்று களிமண் அச்சு இயந்திரத்துக்கு ஆள் வரவில்லை என்று உதவிக்கு நின்றிருக்கிறார். வலது கைச் சுட்டுவிரல் இயந்திரத்தில் நசுங்கிப் பாதி அறுந்துவிட்டது. ராஜவேல் இரண்டரை மணிநேரம் போராடி விரலைச் சேர்த்துத் தைத்தார். இரத்த ஓட்டம் திரும்புமா, திரும்பாதா என்று ஐந்து நாள் பார்க்க வேண்டும். திரும்பாவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டும் என்று அவரிடமே சொல்லிவிட்டார்.

துர்காதேவி அழவில்லை. "பொம்ம எல்லாம் கண்ணு இல்லாம வரிசையா நிக்குது சார், எப்ப வேலைக்குப் போலாம்?" என்று மட்டும் கேட்டார். ராஜவேல் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். கேமராவோடு நின்ற அமீனுதீனுக்குத்தான் அந்தக் கேள்வி மனத்தில் தங்கிவிட்டது.

தினமும் காலை எட்டு மணிக்கு அந்த விரலைப் படமெடுப்பது அவர் பொறுப்பு. அதே மஞ்சள் பாதங்கள், அதே விளக்கு. சுபாஷினி துர்காதேவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று படங்கள் சேர்ந்தன. விரல் வெளுப்பும் சிவப்புமாக இருந்தது. புதன்கிழமை மதியம் மேசையைத் துடைத்த பெண்ணின் கை பட்டு, பழைய டைல்ஸ் கீழே விழுந்து நான்காக உடைந்தது. அமீனுதீன் அவரை ஒரு சொல் திட்டவில்லை. நேராக வண்டியை எடுத்துக்கொண்டு கொளஞ்சியப்பனிடம் போனார். அன்றுதான் சூளை பிரித்திருந்தார்கள்.

"பாலு மாதிரி வெள்ள, பாய். எடுத்துக்கிட்டுப் போங்க," என்றார் கொளஞ்சியப்பன்.

வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணுக்கும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. வாங்கிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமைப் படத்தில் விரல் நீலம் பாரித்துத் தெரிந்தது. வெள்ளிக்கிழமையும் அப்படியே. ராஜவேல் ஐந்து படங்களையும் வரிசையாகக் கணினியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். நேரில் பார்த்தால் விரல் வீங்கி, மருந்துக் கறையேறி, இன்ன நிறம் என்று சொல்ல முடியாத நிலை. ஊசி முனையால் குத்திப் பார்த்ததிலும் முந்தின நாள் தெளிவான விடை கிடைக்கவில்லை. படவரிசை மட்டும் தெளிவாகச் சொன்னது: மூன்று நாள் பிழைத்திருந்த விரல், நான்காம் நாள் முதல் செத்துக்கொண்டிருக்கிறது. புதுச்சேரியில் இருக்கும் நிபுணருக்குப் படங்களை அனுப்பினார். தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள் என்று பதில் வந்தது. பதினோரு மணிக்கு அறுவை என்று முடிவாயிற்று. துர்காதேவி சம்மதத் தாளில் இடது கைப் பெருவிரலால் கைநாட்டு வைத்தார்.

அன்று ஜும்மா. அறுவையைப் பதிவு செய்துவிட்டு நேரே பள்ளிவாசலுக்குப் போகலாம் என்று அமீனுதீன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பத்தரை மணிக்குக் கோப்பில் வைப்பதற்காக அன்றைய படத்தைத் திரையில் பெரிதாக்கினார். ஓரத்தில் சுபாஷினியின் சீருடைக் கை கொஞ்சம் தெரிந்தது. துணி நீலமாக இருந்தது. அந்தப் பக்கம் வந்த சுபாஷினியைப் பார்த்து வழக்கம்போல் சீண்டினார்:

"என்னா சிஸ்டர், சொட்டு நீலத்த பாட்டிலோட கவுத்துட்டீங்களா?"

"நான் நீலமே போடறதில்ல பாய். எங்க வூட்ல யாருக்கும் அது ஆவாது," என்றார் சுபாஷினி, கையில் இருந்த மருந்துத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அமீனுதீன் அவருடைய கையைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. திரையைப் பார்த்தார். நீலமாக இருந்தது. தம் சட்டையைப் பார்த்தார். பிறகு திங்கட்கிழமைப் படத்தைத் திறந்தார். அதிலும் சுபாஷினியின் கை இருந்தது, வெள்ளையாக. புது டைல்ஸை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஒரு பஞ்சுச் சுருளைப் பிரித்து, வெயிலில், அதன் பக்கத்தில் வைத்தார். டைல்ஸ் மஞ்சளாக இருந்தது. அடர்ந்த மஞ்சள் இல்லை, தனியாகப் பார்த்தால் தெரியவே தெரியாத மஞ்சள். மஞ்சளைக் காட்டி இதுதான் வெள்ளை என்று சொல்லிவிட்டதால், கேமரா தன் கணக்கில் எல்லாவற்றையும் நீலத்தின் பக்கம் தள்ளிவிட்டிருந்தது. விரல் நீலம் பாரிக்கவில்லை. படம்தான் நீலம் பாரித்திருந்தது.

அந்த வாசலில் தாம் ஒரு நிமிடம் நின்றதாக அவரே பிறகு எங்களிடம் சொன்னார். இருபது ஆண்டுகளாகச் சேர்த்த பெயர் அந்த ஒரு நிமிடத்தில் கண்முன் வந்ததாம். பாய் எடுத்த படம் தப்பாக இருக்காது என்று மருத்துவமனை முழுவதும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. தப்பு என்று தெரிந்தால் பழைய படங்களையும் சந்தேகிப்பார்கள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வெட்டிய விரல் வந்து சாட்சி சொல்லாது. இதையெல்லாம் நினைத்ததை அவர் எங்களிடம் மறைக்கவில்லை. அந்த நிமிடத்துக்காக இன்றும் அவருக்கு வெட்கம் உண்டு. எங்களுக்கு அதனால்தான் அவர்மேல் இவ்வளவு மரியாதை.

பிறகு ஓடினார். அறுவை அரங்கின் வாசலில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. வெளிச்செருப்போடு அதைத் தாண்டக் கூடாது. தாண்டியவர்களை அவரே எத்தனையோ முறை விரட்டியிருக்கிறார். அன்று தெருச்செருப்போடு, அங்கி இல்லாமல், கையில் டைல்ஸோடு அந்தக் கோட்டைத் தாண்டிக் கதவைத் தள்ளினார். துர்காதேவியின் கை மேசையில் நீட்டியிருந்தது. மயக்க மருந்து கொடுத்து அவர் நினைவிழந்திருந்தார். ராஜவேல் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், வெட்டாதீங்க சார்! படம் பொய் சொல்லுது!"

"பாய், என்ன பேசறீங்க? வெளிய போங்க முதல்ல!"

"போறேன் சார். இந்த டைல்ஸு மஞ்சளு சார். ரெண்டு நாளா எல்லாத்தையும் நீலமா எடுத்துட்டேன். விரலு நல்லாருக்குதா இல்லியான்னு எனக்குத் தெரியாது. என் படத்த நம்பி மட்டும் வெட்டாதீங்க. தப்பு என்னுது."

ராஜவேல் கோபக்காரர். அன்று அவர் கத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மேசையைச் சன்னல் பக்கம் தள்ளச் சொன்னார். ஸ்பிரிட்டால் விரல் நுனியை மறுபடி மறுபடி துடைத்துக் கறையைப் போக்கினார். ஊசி முனையால் குத்தினார். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிவப்பாக ஒரு சொட்டு எழும்பியது. ராஜவேல் கையுறையைக் கழற்றினார்.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் பாப்போம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விரல் பிழைத்துக்கொண்டது. நகம் போயிற்று, நுனி கொஞ்சம் தட்டையாகிவிட்டது, மடக்குவதற்கு மூன்று மாதம் பயிற்சி வேண்டியிருந்தது. ஆனால் விரல் விரலாகவே இருக்கிறது.

ராஜவேல் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "படத்த மாத்தி வெச்சிடுங்க பாய். அந்தப் பொண்ணுக்கு இதெல்லாம் தெரிய வேணாம்." நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அமீனுதீன் கேட்கவில்லை. நீலம் பாரித்த அந்த இரண்டு படங்களையும் தாளில் அச்செடுத்து, டைல்ஸையும் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ஒன்றுவிடாமல் சொன்னார்.

துர்காதேவி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எவ் வெரலு சாவவே இல்லியா பாய்?"

"சாவலம்மா. நான்தான் சாவடிச்சிட்டேன், படத்துல."

"ரெண்டு நாளா அதுக்காவ உக்காந்து அழுதுருக்கறேன் பாய்! சொந்தக்காரங்க செத்தா மாதிரி அழுதுருக்கறேன்!"

எங்கள் யாருக்கும் அதுவரை அந்த அழுகை தெரியாது. அதற்குப் பின் துர்காதேவி அவரைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை மடலில் எழுத முடியாது. எழுதினால் சட்டம் போட்டு மாட்டவும் முடியாது. அமீனுதீன் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். திட்டி முடித்ததும் துர்காதேவி அந்த டைல்ஸைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது ஐவரி பாய். பொம்ம ஒடம்புக்கு அடிக்கிறது. எங்கிட்ட காட்டிருந்தா பாத்த ஒடனே சொல்லிருப்பேன்," என்றார். ஊரிலேயே வெள்ளையைப் பிரித்தறியத் தெரிந்த கண், தம் கேமராவுக்கு முன்னாலேயே ஐந்து நாள் உட்கார்ந்திருந்ததை நினைத்து அமீனுதீன் தலையில் அடித்துக்கொண்டார். கொளஞ்சியப்பனோ இன்றுவரை தம் பக்கத்தை விடவில்லை. "பாலு மாதிரின்னுதானே சொன்னேன். பஞ்சு மாதிரின்னு நான் எப்பச் சொன்னேன்?" என்பார்.

நாற்பத்தாறு படங்களில் கடைசியாக எடுத்தது இந்தக் கதைதான். துர்காதேவி சம்மதம் கொடுத்தார். அந்த ஐந்து நாள் படங்களும், உடைந்த டைல்ஸும், மஞ்சள் டைல்ஸும் அதில் வருகின்றன. "இந்தத் தப்பச் செஞ்சது நான்தான், எம் பேரு அமீனுதீன்" என்றுதான் படம் ஆரம்பிக்கிறது. இங்கே வேலைக்குச் சேர்கிற யாராக இருந்தாலும், மருத்துவரோ துப்புரவுப் பணியாளரோ, முதல் நாள் அதைப் பார்த்தாக வேண்டும். வெளியூர்க் கல்லூரிகளிலிருந்தும் வாங்கிப் போகிறார்கள். அவருடைய பெயர் கெட்டுவிடும் என்று அவர் பயந்தது நடக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு படத்தைக் காட்டி இது சரி என்று சொன்னால், நாங்கள் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை.

பெருந்தகையீர்! மீண்டும் உங்களிடமே வருகிறோம்.

கேட்காதவர்போல் இருந்தது போதும். தோளில் சுமந்த கேமராவை நாளை முதல் இறக்கி வைக்கிறீர்கள். தாங்கள் இல்லாத அறுவை அரங்கு எங்களுக்குச் சற்றே அகன்றும், மிகவே வெறிச்சோடியும் இருக்கும். திரையை விலக்கினால் திட்ட ஆள் இல்லை என்பது ஒரு நாள் மகிழ்ச்சி. மறுநாளே அது எங்களுக்கு வருத்தமாகிவிடும். நீங்கள் இல்லாமல் எங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். அதை அலங்காரம் இல்லாமல் சொல்லிவிடுகிறோம்.

கண்ணொளி குன்றாமலும், காலுரம் தளராமலும், நம் ராஜவேல் மருத்துவரின் கத்திக்கு ஒருநாளும் வேலை வைக்காமலும், ஜைத்தூன் பீவி அம்மையார் தேநீரின் எண்ணிக்கையைக் கேட்காமலும், காலை எட்டு மணிக்குக் கவலையின்றி உறங்கும் உரிமையோடும் தாங்கள் நெடுங்காலம் நலமுடன் வாழ இறைவனை இறைஞ்சுகிறோம். இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் உள்ளே வாருங்கள். தரையில் இருக்கும் அந்தப் பாதங்களை அழிக்க மாட்டோம் என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்கியிருக்கிறோம்.

தங்கள் அன்பில் திளைத்த,
முத்தாற்றங்கரை மக்கள் மருத்துவமனையின் மருத்துவர்கள், செவிலியர்கள், அனைத்துப் பிரிவுப் பணியாளர்கள்,
விருத்தாசலம்.

இம்மடலைத் தாளில் தம் வலக்கையால் எழுதித் தந்தவர்: துர்காதேவி, பொம்மைகளுக்குக் கண் எழுதுபவர்.